நோமின் விளக்கும் குறிகட்டுவான் இறங்குதுறையும்

2025 மார்ச் 14ஆம் திகதி பின்னேரம் குறிகட்டுவான் இறங்குதுறையில் நெடுந்தீவுப் படகுக்காகக் காத்திருந்தேன். அன்று கச்சதீவு அந்தோனியார் திருவிழா. பக்தர்கள் போய்விட்டார்கள். எங்கள் படகு எத்தனை மணிக்கு வரும், வருமா வராதா என்று சொல்ல அங்கே ஒருவரும் இல்லை. நான் கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாலு இருபத்தைந்துக்கு, பூமியின் மறுபக்கத்தில், அதிகாலை இரண்டு ஐம்பத்தைந்துக்கு, ஜெஸ்ஸி ஹோம்ஸ் என்ற தச்சுத் தொழிலாளி தன் நாய்களோடு நோம் நகருக்குள் நுழைந்தார். 10 நாள், 14 மணி, 55 நிமிடம், 41 செக்கன். பக்கத்தில் மீன்பெட்டியில் இருந்த பெரியவர் "என்ன தம்பி, கிரிக்கெட்டோ?" என்று கேட்டார். "இல்லை ஐயா, நாய் ஓட்டம்" என்றேன். அவர் அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை.

அலாஸ்காவில் ஆண்டுதோறும் மார்ச்சில் நடக்கும் இடிட்டரோட் என்ற போட்டியைத்தான் சொல்கிறேன். நாய்கள் இழுக்கும் சறுக்குவண்டியில் ஏறத்தாழ ஆயிரம் மைல், அதாவது ஆயிரத்து அறுநூறு கிலோமீற்றர். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு இரண்டு தரம் போய்வரும் தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். உறைந்த ஆறுகள், மலைக் கணவாய், கடைசியில் பனிக்கட்டியாகிப் போன கடல். ஒருவருக்குக் கூடியது 16 நாய்கள். முடிக்கும்போது குறைந்தது ஐந்தாவது வண்டியில் பூட்டியிருக்க வேண்டும். வழியில் ஒருமுறை 24 மணி நேரமும், வேறு இருமுறை எட்டெட்டு மணி நேரமும் கட்டாய ஓய்வு. ஒவ்வொரு வண்டியிலும் ஒரு ஜி.பி.எஸ். கருவி உண்டு. பணம் கட்டினால் யார் எங்கே நிற்கிறார்கள், யார் ஓடுகிறார்கள் என்று வேலணையில் இருந்தும் பார்க்கலாம். பணம் கட்டுவது கனடாவில் இருக்கும் என் அக்காவின் மகன்.

இந்தப் பைத்தியம் எனக்குப் பிடித்தது 2020இல். அந்த மார்ச்சில் எங்களை ஊரடங்கு வீட்டுக்குள் போட்டது. ஊரடங்கு எங்களுக்குப் புதிதல்ல, ஆனால் துவக்கு இல்லாத ஊரடங்கு புதிது. மருமகன் ஒரு இணைப்பை அனுப்பி, "மாமா, உலகம் எல்லாம் பூட்டிக் கிடக்கு, இவங்கள் மட்டும் ஓடுறாங்கள், பாருங்கோ" என்றான். அந்த ஆண்டு வென்றவர் நோர்வேக்காரரான தோமஸ் வார்னர். வென்றும் வீட்டுக்குப் போக முடியவில்லை. விமானங்கள் நின்றுவிட, நாய்களோடு ஜூன் வரை அலாஸ்காவிலேயே தங்கினார். கடைசியில் ஒரு பழைய டி.சி.-6 விமானம்தான் அவர்களை ஏற்றிப் போனது. ஊருக்குத் திரும்ப வழியில்லாமல் இருக்கும் ஒருவரைப் பார்த்தால் தீவகத்தான் விட்டுவிட்டுப் போக மாட்டான். நானும் அப்படியே மாட்டிக்கொண்டேன்.

நோம் ஒரு சின்ன நகரம். சில ஆயிரம் பேர். அலாஸ்காவின் பெரிய நகரங்களோடு அதை இணைக்கும் வீதி இன்றைக்கும் கிடையாது. ஆகாயத்தாலோ, பனி உருகிய காலத்தில் கடலாலோதான் போகலாம். இதை வாசித்தபோது எனக்கு நெடுந்தீவு ஞாபகம் வந்ததில் அதிசயம் இல்லை. வேலணைக்கும் புங்குடுதீவுக்கும் தாம்போதி உண்டு. ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையில் பாதை ஓடுகிறது. நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு, நெடுந்தீவு ஆகிய நான்குக்கும் கடல்தான் வீதி.

1925 ஜனவரியில் நோமில் பிள்ளைகளுக்குத் தொண்டை அடைப்பான் நோய் வந்தது. ஊரில் இருந்த ஒரே வைத்தியர் கேர்டிஸ் வெல்ச். அவரிடம் இருந்த மருந்து காலாவதியானது. தந்தி அடித்தார். அங்கரேஜ் நகர வைத்தியசாலையில் மூன்று இலட்சம் அலகு மருந்து கிடைத்தது. அதை ரெயிலில் நெனானா வரை கொண்டுவந்தார்கள். அதற்கப்பால் 674 மைல் பனி. விமானத்தில் அனுப்பலாம் என்று ஒரு கட்சி, நாய்தான் நம்பிக்கை என்று இன்னொரு கட்சி. அன்றைய விமானங்களுக்கு மூடிய அறை இல்லை. குளிர்காலத்துக்காக அவற்றைக் கழற்றி வைத்திருந்தார்கள். ஆளுநர் ஸ்கொட் போன் நாய்களைத் தெரிந்தெடுத்தார். இருபது ஓட்டிகள், ஏறத்தாழ நூற்றைம்பது நாய்கள், கைமாற்றிக் கைமாற்றி ஐந்தரை நாளில் பெப்ரவரி 2 விடியற்காலை மருந்தை நோமில் சேர்த்தார்கள். கடைசிக் கட்டத்தை ஓடிய பல்டோ என்ற நாய்க்கு அதே ஆண்டு நியூயோர்க்கில் சிலை வைத்தார்கள். மிக நீண்ட, மிக ஆபத்தான கட்டத்தை ஓடிய டோகோவின் பேர் பின்தங்கிப்போனது. ஓட்டிகளில் பலர் அந்த மண்ணின் பூர்வகுடிகள். அவர்களின் பேரும் பின்தங்கிப்போனது.

இந்தக் கதையின் நினைவாகத்தான் இடிட்டரோட் நடக்கிறது என்று பலர் எழுதுகிறார்கள். அது முழுச் சரியல்ல. 1973இல் ஜோ ரெடிங்டன் முழுநீளப் போட்டியைத் தொடக்கியதற்குக் காரணம், கிராமங்களில் மோட்டார் பனிவண்டி வந்து நாய்கள் இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. பழக்கம் அழிந்தால் பாதையும் அழியும் என்று அவர் பயந்தார். அவருடைய பேரன் ரயன் ரெடிங்டன் 2023இல் வென்றார். அந்த ஆண்டு முதல் மூன்று இடமும் அலாஸ்கப் பூர்வகுடி வம்சத்தவருக்கே.

ஆனாலும் என்னைப் பிடித்து வைத்திருப்பது அந்த மருந்துப் பொதிதான். பொருளாதாரத் தடைக்குள் இருந்தவர்களுக்கு அதை விளக்கத் தேவையில்லை. பட்டியலில் இல்லாத மருந்தும், பட்டியலில் இருந்தும் வராத மருந்தும், கிளாலிக் கடலில் இரவில் ஓடிய வள்ளங்களும் எங்கள் தலைமுறைக்குத் தெரியும். 1985 மார்ச்சில் லிபி ரிடில்ஸ் என்ற பெண், மற்றவர்கள் தயங்கி நின்ற புயலுக்குள் தன் நாய்களை விட்டு, உறைந்த கடலைக் கடந்து, இந்தப் போட்டியை வென்ற முதற்பெண் ஆனார். அதற்கு இரண்டு மாதம் கழித்து, மே 15ஆம் திகதி, நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்கு வந்த குமுதினிப் படகில் பயணிகளை வெட்டிக் கொன்றார்கள். ஒன்றுக்கொன்று எந்தச் சம்பந்தமும் இல்லை. ஆனால் கடலைக் கடப்பது என்ற சொல்லை வாசிக்கும்போது என் மனம் எங்கே போகும் என்பது என் கையில் இல்லை.

என் அம்மாவின் கதையும் கடல் கடந்த கதைதான். ஒரு சோளகக் காலத்து இரவு, நெடுந்தீவு வீட்டில், அம்மாவுக்கு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. யாழ்ப்பாணத்துக்கு அனுப்ப வேண்டும் என்றார்கள். கடல் கொந்தளிப்பு, படகு விட முடியாது என்றார்கள். விடிந்ததும் என்றார்கள். விடிந்ததும் ஓட்டுபவர் இல்லை. அடுத்த நாள் மத்தியானம் கரை சேர்ந்தோம். அம்மா பிழைத்தா. பேச்சு திரும்பவில்லை. யாரையும் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. கடல் அன்றைக்கு உண்மையிலேயே மோசம். என் ஆத்திரம் வேறு. அந்தப் பதினைந்து மணி நேரத்தில் படகு எங்கே, யார் வருகிறார்கள், எப்போது என்று எங்களுக்கு ஒரு சொல் கிடைக்கவில்லை. பதினாறு நாயின் இருப்பிடம் தெரிகிற காலத்தில்.

இப்போதும் நோயாளிகளைக் கடற்படைப் படகுகளும், சிலவேளை விமானப்படை உலங்குவானூர்தியும் ஏற்றிவருகின்றன. உயிர்கள் தப்புகின்றன, அதை மறுக்க முடியாது. ஆனால் எங்களைக் காவல் காத்தவர்களின் தயவிலேயே எங்கள் அவசர சிகிச்சையும் தங்கியிருப்பது ஒரு சிவில் நிர்வாகத்துக்கு அழகல்ல. அலாஸ்காவும் சொர்க்கமல்ல, அங்கும் தூரக் கிராமத்து நோயாளி விமானத்துக்கும் காலநிலைக்கும் காத்திருக்கத்தான் வேண்டும். ஆனால் போட்டிப் பாதையில் ஒவ்வொரு தரிப்பிடத்திலும் மிருக வைத்தியர் நிற்கிறார், களைத்த நாயைத் தொண்டர் விமானிகள் ஏற்றிப் போகிறார்கள். ஒழுங்கு பண்ணினால் நடக்கும் என்பதற்கு அதைவிடச் சாட்சி என்ன?

எங்கள் தீவுகளைப் பெரிய இடத்துக் கண்கள் பார்க்காமல் இல்லை. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவுக்கான கலப்பு மின்திட்டம் முதலில் ஒரு சீன நிறுவனத்துக்குப் போனது, இந்தியா எதிர்த்தது, பிறகு இந்திய நன்கொடையில் 2024 மார்ச்சில் ஒப்பந்தமானது. 2025 செப்டெம்பர் 1ஆம் திகதி ஜனாதிபதி அநுரகுமார திசாநாயக்க கச்சதீவுக்கே போய் இறங்கினார். நெடுந்தீவுக்கு அப்பால் இருக்கிற, ஒருவரும் குடியிருக்காத தீவு அது. கடலில் எல்லை எங்கே என்பதில் இரண்டு நாட்டுத் தலைவர்களுக்கும் அக்கறை உண்டு. எல்லைக்கு இந்தப் பக்கம் இருப்பவர் இரவில் எப்படி வைத்தியசாலைக்குப் போவார் என்ற கேள்விக்கு அரசியல் விலை குறைவு.

ரசிகனாக ஒரு சங்கடத்தையும் சொல்லிவிட வேண்டும். 2024 போட்டியில் மூன்று நாய்கள் இறந்தன, 2025இல் ஒன்று. மிருகநேய அமைப்புகள் போட்டியை நிறுத்தச் சொல்கின்றன. பெரிய அனுசரணையாளர்கள் சிலர் விலகிவிட்டார்கள். ஓடப் பிறந்த நாய்கள் என்கிறார்கள் ஓட்டிகள். புறப்படும் முன் அவை குதிப்பதைப் பார்த்தால் அதில் உண்மை இருக்கிறது. ஆனால் நாயிடம் தூரம் எவ்வளவு என்று யாரும் கேட்டதில்லை. நெடுந்தீவுக் குதிரைகளின் முன்னோரும் ஒரு காலத்தில் அந்நியர்களின் வேலைக்காகக் கொண்டுவரப்பட்டவை. ஆண்டவர்கள் போய்விட்டார்கள், குதிரைகள் வெட்டவெளியில் நிற்கின்றன, வறட்சி வந்தால் தண்ணீரின்றிச் சாகின்றன. சுற்றுலாப் பிரசுரத்தில் அவற்றின் படம் உண்டு. பனியும் குறைகிறது: 2025இல் பாதையில் பனி போதாமல் போட்டியை பெயர்பாங்க்ஸ் நகருக்கு மாற்றினார்கள். 2003, 2015, 2017க்குப் பிறகு இது நாலாவது தடவை. உப்பேறும் கிணறு வைத்திருப்பவர்களுக்கு இதுவும் தூரத்துச் செய்தியல்ல.

போட்டி தொடங்கும்போது நோமில் ஒரு விளக்கு ஏற்றுவார்கள். விதவையின் விளக்கு என்று பேர். கடைசி ஓட்டி வந்துசேரும் வரை அதை அணைப்பதில்லை. 1973இல் முதலாமவர் இருபது நாளில் வந்தார், கடைசியானவர் முப்பத்திரண்டு நாளில். அத்தனை நாளும் பாதையில் ஆள் இருந்தார். இதை மருமகன் சொன்னபோது நான் பேச்சை மாற்றினேன். மண்டைதீவிலும் அல்லைப்பிட்டியிலும் 1990 ஓகஸ்டில் பிடித்துக்கொண்டு போன பிள்ளைகளின் வீடுகள் எனக்குத் தெரியும். 2017 பெப்ரவரியிலிருந்து கிளிநொச்சியில் இருக்கும் தாய்மாரையும் தெரியும். அவர்களில் சிலர் காத்திருந்தபடியே செத்துப்போனார்கள். அலாஸ்காவில் ஆட்களை எண்ணி அனுப்பி, எண்ணி எடுக்கிறார்கள். யார் இன்னும் வரவில்லை என்பது பட்டியலில் இருக்கிறது.

அன்று குறிகட்டுவானில் ஆறு மணி தாண்டியும் படகு வரவில்லை. மருமகன் எழுதியிருந்தான்: "மாமா, ஹோம்ஸ் வந்திட்டார். மிச்சப்பேர் எல்லாம் இன்னும் வழியிலதான்." பெரியவர் மீன்பெட்டியிலிருந்து எழுந்து மேற்கே கையைக் காட்டினார். இருட்டுக்குள் ஒரு சின்ன வெளிச்சம் அசைந்து வந்தது. எங்கள் படகா, மீன்பிடி வள்ளமா என்று இன்னும் பிரித்தறிய முடியவில்லை. எல்லாரும் பைகளைக் கையில் எடுத்துக்கொண்டோம்.