கைவேலைப் பகுதி: பழைய பாயின் ஓட்டையும் கிழிசலும்



நபி (ஸல்) அவர்கள் தமது கிழிந்த ஆடையைத் தாமே தைத்துக் கொள்வார்கள், செருப்பையும் தாமே செப்பனிடுவார்கள் என்று அன்னை ஆயிஷா (ரழி) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். ஊசி வேலையைச் சிறிதாக எண்ண வேண்டாம். கடலோரக் குடும்பங்களில் ஊசி சட்டையோடு நிற்பதில்லை. வள்ளத்தின் பாயையும் தைக்க வேண்டியிருக்கிறது. இயந்திரப் படகுகள் பெருகிவிட்டாலும், நீர்கொழும்புக் கடலில் 'ஒருவ' எனும் பாய் வள்ளங்களை இன்றும் காணலாம். கரையில் விரலளவாக இருக்கும் கிழிசல், கடலில் காற்று இழுக்கும்போது முழ நீளமாகிவிடும். அப்போது வள்ளத்தில் இருப்பது நம் வீட்டு ஆண்கள்தான்.

முதலில் பாயைச் சோதியுங்கள். நன்னீரில் அலசி உப்பைப் போக்கி, நன்றாக உலர்த்துங்கள். பிறகு வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் ஊசிமுனை ஓட்டைகளும் தெரியும். ஓட்டைக்குப் பக்கத்துத் துணியை இரு கைகளாலும் இழுத்துப் பாருங்கள். கடதாசிபோல் கிழிந்தால் அந்தப் பாய் வெயிலில் உக்கிவிட்டது. அதில் எத்தனை தையல் போட்டாலும் நிற்காது, கடலுக்கு அனுப்பாதீர்கள்.

நேரான கிழிசலுக்கு: தேன்மெழுகு தடவிய நூலும், துணி தாங்கக்கூடிய மெல்லிய ஊசியும் வேண்டும். கோணி ஊசி பெரிய துளை போட்டு இழையை அறுத்துவிடும். கிழிசலின் அப்பக்கத்தில் கீழிருந்து மேலே ஊசியை எடுத்து, இப்பக்கத்தில் மேலிருந்து கீழே குத்துங்கள். பின்பு கிழிசலின் இடைவெளி வழியே ஊசியை மேலே கொண்டுவந்து, போட்ட தையலின் மேலாகக் கடத்தி, மீண்டும் இடைவெளியில் இறக்கி அடுத்த தையலுக்குச் செல்லுங்கள். இப்படிச் செய்தால் ஒரு தையல் அறுந்தாலும் மற்றவை உடனே கழன்றுவிடாது. தையல்களை ஒரே கோட்டில் போடாமல், ஒன்று கிழிசலுக்குக் கிட்டவும் அடுத்தது சற்றுத் தள்ளியும் போடுங்கள். ஒரே வரிசையில் துளை விழுந்தால் துணி அந்த வரியிலேயே பிய்ந்துவிடும். சுருக்கம் விழுமளவுக்கு நூலை இறுக்கவும் வேண்டாம்.

ஓட்டைக்கு: ஒட்டுத்துணி சுற்றிலும் இரண்டு அங்குலம் கூடுதலாக இருக்கட்டும். அதன் ஓரங்களை அரை அங்குலம் உள்ளே மடித்து, பாயின் இழையும் ஒட்டின் இழையும் ஒரே திசையில் ஓடுமாறு வைத்து, சுற்றித் தையுங்கள். கித்தான் துணிக்கு அங்குலத்துக்கு மூன்று தையல் போதும். பிறகு பாயைத் திருப்பி, ஓட்டையைச் சதுரமாக வெட்டி, நான்கு மூலைகளையும் சிறிது கீறி, ஓரங்களை உள்ளே மடித்து ஒட்டோடு சேர்த்து இன்னொரு சுற்றுத் தையுங்கள். இப்போது பிசிறு எங்கும் வெளியே நில்லாது.

முக்கியமான ஒன்று: பழைய பாய்க்குப் புதிய தடித்த துணியை ஒட்டாதீர்கள். காற்று இழுக்கையில் ஒட்டு அசையாது; அதன் ஓரத்திலுள்ள பழைய துணியே கிழியும். கழித்துப்போட்ட இன்னொரு பாயின் நல்ல பாகமே பொருத்தமான ஒட்டு. ஆகவே பழைய பாயை முழுதாக வீசிவிடாமல், நல்ல துண்டுகளை வெட்டி எடுத்து வையுங்கள். வீண்விரயமும் தவிரும்.

பொலியெஸ்டர் பாயில் சிறு ஓட்டைக்குப் பாய்க்கென விற்கும் ஒட்டுப்பட்டி உதவும். மூலைகளை வட்டமாக வெட்டி, இரு பக்கமும் ஒட்டுங்கள். கூர்மூலை விரைவில் உரிந்துவிடும்.

கயிறு கட்டும் மூலைகளிலும் கயிறு பிடித்த ஓரங்களிலும் கிழிந்தால், பாய் தைக்கத் தெரிந்த தொழிலாளியிடமே கொடுங்கள். காற்றின் பாரமெல்லாம் அங்குதான் விழுகிறது.

வேலை முடிந்த பாயை ஈரத்தோடு மடிக்க வேண்டாம். பருத்தியில் பூஞ்சணம் பிடித்துவிடும். உலர்த்திச் சுருட்டி நிழலில் வையுங்கள். ஒவ்வொரு முறை கடலால் வந்ததும் ஒரு தடவை விரித்துப் பாருங்கள். இன்று நான்கு தையலில் முடிவதை நாளைக்கு விடாதீர்கள். கடலுக்குப் போவோரை அல்லாஹ் பாதுகாப்பானாக. ஆமீன்.