பழைய அம்பாசடருக்குப் புது எஞ்சின்: எதை முதலில் செய்வது?

கேள்வி: அப்பா 1988-இல் வாங்கிய பெட்ரோல் அம்பாசடர் கார் வீட்டில் இருக்கிறது. முன்போல் இழுக்கவில்லை. பள்ளத்தில் இறங்கினால் பின்பக்கம் தரை தட்டுகிறது. அம்மாவை மாதம் ஒரு முறை சென்னை மருத்துவமனைக்கு அதில்தான் அழைத்துப் போக வேண்டும். நவரை நெல் விற்ற பணம் கையில் இருக்கிறது. இசுசு எஞ்சினும் ஐந்து கியர் பெட்டியும் வைத்து, பின்னால் பட்டையும் கூட்டிவிடலாம் என்கிறார் தம்பி. செய்யலாமா?
- வாசகர், திருநின்றவூர்.

பதில்: தம்பி சொல்வதில் ஓரளவு நியாயம் உண்டு. 1489 சி.சி. எஞ்சினோடு ஓடிய அம்பாசடருக்கு, 1992-இல் இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனமே 1817 சி.சி. இசுசு எஞ்சினை வைத்தது. ஆனால் எஞ்சினோடு நிறுத்தவில்லை. ஐந்து கியர் பெட்டியும் வந்தது. பிற்கால வண்டிகள் சிலவற்றில் முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக்கும் வந்தது. காரணம் எளிது. வண்டிக்கு வலுவான காளை பூட்டினால், அச்சும் சக்கரமும் அந்த இழுவையைத் தாங்க வேண்டும். எஞ்சினின் வலு கிளட்ச், கியர் பெட்டி, புரொபெல்லர் ஷாஃப்ட், பின் அச்சின் கிரவுன் பினியன் வழியாகத்தான் சக்கரத்துக்குப் போகிறது. இதில் எது தேய்ந்திருக்கிறதோ அது முதலில் உடையும்.

எனவே வேலையைச் சக்கரத்திலிருந்து தொடங்க வேண்டும், எஞ்சின் கடைசி.

முதலில் பிரேக். நான்கு சக்கரத்தையும் கழற்றி லைனிங், டிரம், வீல் சிலிண்டர் கசிவு, ரப்பர் குழாய்கள் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். வேகம் கூடும் வண்டி நிற்கவும் வேண்டும். இந்தச் செலவில் சிக்கனம் கூடாது.

இரண்டாவது சஸ்பென்ஷன். அம்பாசடரின் முன்பக்கம் டார்ஷன் பார் எனும் முறுக்குக் கம்பியாலும், பின்பக்கம் பட்டைகளாலும் தாங்கப்படுகிறது. சமதளத்தில் வண்டியை நிறுத்தி, நான்கு சக்கரத்திலும் சக்கர மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை டேப்பால் அளக்கலாம். இடதும் வலதும் மாறினால் ஒரு பக்கம் தளர்ந்திருக்கிறது. வண்டியின் ஒரு மூலையை அழுத்தி விட்டதும் அது பலமுறை ஆடினால் ஷாக் அப்சார்பர் போய்விட்டது. தளர்ந்த பட்டையையும் தேய்ந்த புஷ்ஷையும் மாற்றினாலே தரை தட்டுவது பெரும்பாலும் நிற்கும். பட்டை கூட்டுவது நெல் மூட்டை ஏற்றுவோருக்குச் சரி. பின்சீட்டில் நோயாளி மட்டும் உட்கார்ந்து போனால் ஒவ்வொரு பள்ளமும் அவர் முதுகில்தான் இடிக்கும்.

மூன்றாவது, வண்டி ஏன் இழுக்கவில்லை என்று கண்டுபிடிப்பது. எஞ்சின் இரைகிறது, வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் வழுக்குகிறது. சிறிது தூரம் ஓட்டிய பின் ஒரு சக்கரம் மட்டும் அதிகமாகச் சுட்டால் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. இரண்டும் இல்லாவிட்டால் கார்புரேட்டரைச் சுத்தம் செய்து, சிலிண்டர்களின் கம்ப்ரஷனை அளக்கச் சொல்ல வேண்டும். அளவு குறைந்திருந்தால் இருக்கும் எஞ்சினையே பிரித்து வேலை பார்ப்பது ஒரு வழி. அதற்கு ஆர்.சி. மாறாது.

இசுசு எஞ்சின்தான் என்று முடிவானால், அதை வாங்கும் முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டு எழுத்தில் அனுமதி பெற வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுப்படி, ஆர்.சி.யில் உள்ள தயாரிப்பாளரின் விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. சி.சி. மாறிய வண்டி 5 ஆண்டுக்கு ஒரு முறை வரும் பதிவுப் புதுப்பிப்பில் நின்றுவிடலாம்; விபத்து நேர்ந்தால் காப்பீட்டுத் தொகைக்கும் சிக்கல் வரலாம். அம்பாசடர் உற்பத்தி 2014-இல் நின்றுவிட்டதால் புதுப்பேட்டையில் பழைய எஞ்சின்தான் தேட வேண்டியிருக்கும். பில்லும், எந்த வண்டியிலிருந்து வந்தது என்ற தாளும் இல்லாத எஞ்சினுக்கு முன்பணம் கொடுக்கக்கூடாது.

நெல் பணத்தில் சொர்ணவாரி நடவுக்கான விதை, உரம், ஆள் கூலியை முதலில் எடுத்து வைத்துவிட வேண்டும். மிச்சத்தில் இந்தப் போகத்துக்குப் பிரேக்கும் சஸ்பென்ஷனும் போதும். அம்மா ஆடாமல் அசையாமல் போய்வர இந்த இரண்டும்தான் தேவை. எஞ்சினை அடுத்த அறுவடைக்குத் தள்ளிவைத்தால் நஷ்டம் ஒன்றுமில்லை.

திருநின்றவூர்க்காரர்களுக்குப் பூசலார் கதையைச் சொல்லித்தர வேண்டியதில்லை. கையில் காசில்லாதபோதும் அவர் மனத்துக்குள் அடித்தளம் தொடங்கிச் சிகரம் வரை வரிசையாகத்தான் கோயில் எழுப்பினார். வாசகரும் தம்பியும் உட்கார்ந்து வேலைகளை வரிசையாக ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் இரண்டு பட்டறைகளில் விலை கேட்ட பிறகே முதல் நட்டைக் கழற்ற வேண்டும்.