சாத்திய படலை

சென்ற ஆண்டு எமது வகுப்பிலே ஒரு மாணவன் அடிக்கடி வராது நிற்கத் தொடங்கினான். கணிதத்திலே கெட்டிக்காரன். க. பொ. த. சாதாரண தரப் பரீட்சைக்கு ஏழு மாதங்களே இருந்தன. காரணம் கேட்டால், “காய்ச்சல், சேர்” என்பான். கிழமைக்கு இருமுறை ஒருவனுக்குக் காய்ச்சல் வருமோ? இருபது ஆண்டுகளாக மாணவரின் காய்ச்சல்களைக் கண்டவர்கள் நாம். ஆதலால் வகுப்பின் முன்னே அவனை எழுப்பி, கடுமையாகவே நாலு வார்த்தை பேசினோம். அவன் மறுமொழி கூறவில்லை. மறுநாளும் வரவில்லை.

அன்று பின்னேரம் அவன் வீட்டைத் தேடிச் சென்றோம். படலை சாத்தியிருந்தது. உள்ளே யாரோ உரக்கப் பாடம் படிக்கும் குரல் கேட்டது. வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தோம். திண்ணையில் விரித்த பாயிலே ஏழு வயது மதிக்கத்தக்க சிறுவன் ஒருவன் கிடந்தான். கைகால்கள் விறைத்து முறுகியிருந்தன. தம்பியின் தலையை மடியில் வைத்துக்கொண்டு எமது மாணவன் புவியியற் புத்தகத்தை வாசித்துக்கொண்டிருந்தான். ஆறுகளின் பெயர்களை அவன் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, அச்சிறுவன் கெக்கட்டமிட்டுச் சிரித்தான்.

தந்தை கொழும்பிலே ஒரு கடையிற் சிப்பந்தி. தாய் வெங்காயத் தோட்டங்களிலே கூலிவேலை செய்பவர். சிறிது நேரத்தில் அவரும் வந்து சேர்ந்தார். எம்மைக் கண்டதும் பதறிப்போனார்.

“மாஸ்ரர், அவனிலை பிழையில்லை. வேலைக்குக் கூப்பிடுற நாளிலை நான் போகாட்டி அடுப்பு எரியாது. சின்னவனை ஆரிட்டை விட்டிட்டுப் போறது? கலியாணவீடு, கோயில் ஒண்டுக்கும் நான் போறதில்லை. போனால், ‘ஆற்றை பாவமோ’ எண்டு கேட்குங்கள்.”

வகுப்பிலே நாம் பேசிய வார்த்தைகள் எம் நெஞ்சிலே முள்ளாய்த் தைத்தன. வீடு திரும்பிய பின்னும் அந்தத் தாயின் கடைசி வார்த்தை எம்மை விட்டு அகலவில்லை. ஆகவே இவ்வாரம் இது பற்றியே எழுத எண்ணினோம்.

முதலில் அந்தப் ‘பாவம்’ என்னும் பேச்சைப் பார்ப்போம். அச்சிறுவனுக்கு உள்ளது பெருமூளை வாதம். வளரும் பருவத்து மூளைக்கு, பிறப்பதற்கு முன்னரோ, பிறக்கும்போதோ, பிறந்த சிறிது காலத்துக்குள்ளோ நேர்ந்த ஊறு அது. குறைமாதப் பிறப்பு, மூளைக்குப் பிராணவாயு போதாமை, கடுமையான மஞ்சட் காமாலை, மூளைக்காய்ச்சல் என்று காரணங்கள் பல. கிரகணத்தன்று தாய் கத்தி பிடித்ததனால் இது வருவதில்லை. முன்னோர் செய்த பழியினாலும் வருவதில்லை. ஊரார் இதனை அறியாது பேசும் பேச்சினால், ஒரு குடும்பம் ஏழு ஆண்டுகளாகப் படலையைச் சாத்திக்கொண்டு வாழ்ந்தது. அந்த ஏழு ஆண்டுகளும் அச்சிறுவனுக்குப் பயிற்சி கிடைத்திருக்க வேண்டிய ஆண்டுகள்.

காலம் தாழ்த்தாமை இவ்விடயத்திலே மிக முக்கியமானது. கேட்கும் குறையை ஒரு மாதத்துள் பரிசோதித்து, மூன்று மாதத்துள் உறுதிசெய்து, ஆறு மாதத்துள் உதவி தொடங்கவேண்டும் என்பது வைத்தியர்கள் வகுத்துள்ள முறை. ஒன்பது மாதமாகியும் பிள்ளை தானாக இருக்கவில்லையா? பதினெட்டு மாதமாகியும் நடக்கவில்லையா? ஒரு சொல்லும் பேசவில்லையா? “தகப்பனும் பிந்தித்தான் பேசினவர்” என்று பாட்டிமார் ஆறுதல் கூறக்கூடும். எனினும், வைத்தியரிடம் காட்டுவதனால் வரும் நட்டம் ஒன்றுமில்லை.

யாரிடம் செல்வது என்று தாய்மார் வினவலாம். எம் நாட்டிலே அந்த உதவி படலைக்கே வருகின்றது. 1926 இல் களுத்துறையிலே முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கப்பட்டது. அவ்வழி வளர்ந்த சேவையிலே, குடும்பநல மருத்துவமாது வீடு வீடாகச் சென்று தாயையும் சேயையும் பார்க்கின்றார். அவர் தரும் பிள்ளையின் பதிவேட்டிலே நிறையும் தடுப்பூசியும் மாத்திரமல்ல, பிள்ளை எவ்வப்போது எதனைச் செய்யவேண்டும் என்பதும் குறிக்கப்பட்டுள்ளது. எம்மிற் பலர் அந்தப் பக்கத்தைப் புரட்டுவதே இல்லை. ஐயம் தோன்றினால் முதலில் அவரிடம் கூறுங்கள். அவர் சுகாதார வைத்திய அதிகாரியிடமும், அங்கிருந்து ஆஸ்பத்திரிக்கும் வழிகாட்டுவார். பண உதவி, உபகரணங்கள் ஆகியன பற்றிப் பிரதேச செயலகத்திலுள்ள சமூக சேவை உத்தியோகத்தரிடம் கேட்கலாம். படிப்புப் பற்றி வலயக் கல்வி அலுவலகத்திலே விசேட கல்விக்குப் பொறுப்பானவரை நாடலாம்.

கல்வி விடயத்திலே எமது நாடு பின்தங்கித் தொடங்கவில்லை. கேளாத, பார்வையற்ற பிள்ளைகளுக்காக 1912 ஆம் ஆண்டிலேயே இரத்மலானைப் பாடசாலை எழுந்தது. யாழ்ப்பாணத்திலே கைதடியில் நவீல்ட் பாடசாலையும், மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகளுக்காகக் கோண்டாவிலிற் சிவபூமிப் பாடசாலையும் இருக்கின்றன. சாதாரண பாடசாலைகள் பலவற்றிலும் விசேட கல்வி அலகுகள் உண்டு. இயலாமை காரணமாகக் கல்வி நிலையமொன்றில் ஒருவரைச் சேர்க்க மறுத்துப் பாரபட்சம் காட்டலாகாது என்று 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம் கூறுகின்றது. இலங்கை 2016 இல் ஏற்று உறுதிசெய்த ஐக்கிய நாடுகளின் உடன்படிக்கையோ இன்னும் ஒரு படி மேலே செல்கின்றது. இத்தகைய பிள்ளைகள் மறைத்து வைக்கப்படுவதைத் தடுக்கும்பொருட்டு, பிள்ளைகளுக்கு மட்டுமன்றி அவர்தம் குடும்பங்களுக்கும் காலத்தோடு தகவலும் சேவையும் ஆதரவும் வழங்க அரசு கடமைப்பட்டது என்பது அதன் 23 ஆம் உறுப்புரையின் கருத்து.

குடும்பத்துக்கு ஆதரவு என்றால் என்ன? பணம் மாத்திரமன்று. அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்திலே போட்டேஜ் என்றொரு சிற்றூர் உண்டு. சுற்றுப்புறமெல்லாம் தோட்டங்களும் பண்ணைகளும். தூர தூரமாகச் சிதறிக் கிடந்த வீடுகளிலிருந்து சிறு பிள்ளைகளை நாள்தோறும் ஓரிடத்துக்குக் கொண்டுவருதல் அரிதாயிற்று. ஆகவே 1969 இல் அங்குள்ளோர் ஆசிரியரை வீட்டுக்கு அனுப்பினர். வாரம் ஒருமுறை அவர் வருவார். கோப்பையைப் பிடித்தல், கால்சட்டையை இழுத்தல் போன்ற ஒரு செயலைச் சிறு சிறு படிகளாகப் பிரித்துத் தாய்க்குக் காட்டுவார். தாய் அவ்வாரம் முழுவதும் பழக்குவார். அடுத்த வாரம் வந்து பார்த்து, அடுத்த படியைக் காட்டுவார். இம்முறை பின்னர் பல நாடுகளுக்கும் பரவியது. எமது நாட்டிலும் 1994 முதல், ஊரையும் குடும்பத்தையும் துணைக்கொண்ட புனர்வாழ்வுத் திட்டம் நடைபெற்று வருகின்றது.

எமது மாணவனின் வீட்டுக்கு வருவோம். ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் சென்றபோது இயன்மருத்துவர் முதலிற் கேட்ட கேள்வி, “எப்படிச் சாப்பாடு கொடுக்கிறீர்கள்?” என்பதுதான். கிடத்தியபடியே கஞ்சி பருக்கி வந்தனர். அதனால் உணவு மூச்சுக்குழாயினுட் சென்று, மாதந்தோறும் சளியும் காய்ச்சலுமாக அவனை வருத்தியிருக்கின்றது. மூலைக் கதிரை ஒன்று செய்து, நிமிர்த்தி இருத்தி, தலையைச் சற்று முன்னே சாய்த்துச் சிறிது சிறிதாக ஊட்டும்படி அவர் காட்டினார். ஊர்த் தச்சர் ஒருவர் பலகை அரிந்து கதிரை செய்து கொடுத்தார். கூலி வாங்க மறுத்துவிட்டார்.

தாய் வேலைக்குப் போகும் நாட்களில் என் செய்வது என்பதே பெரிய கேள்வி. அதற்கு எந்த அலுவலகத்திலும் விடை கிடைக்கவில்லை. பக்கத்து வளவிலே ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் இருந்தார். நாம் கேட்டதும், “எனக்கு ஒருவரும் சொல்லவில்லையே” என்றார். ஏழு ஆண்டுகள் ஒரே வேலி! இப்பொழுது வாரத்தில் இரு காலைகள் அவர் வந்து இருக்கின்றார். மற்ற நாட்களில் இன்னும் இடர்ப்பாடுதான். எமது மாணவன் அதன் பின்னரும் சில நாள் வராது நின்றான். அந்நாட்களில் நாம் அவனிடம் காரணம் கேட்கவில்லை. பாடக் குறிப்பை வீட்டுக்கு அனுப்பினோம்.

ஆசிரிய நண்பர்களே, வராத மாணவனைத் திட்டுமுன் அவன் வீட்டை ஒருமுறை பார்த்து வாருங்கள். மாணவர்களே, உங்கள் வகுப்பிலும் இத்தகைய தோழன் ஒருவன் இருக்கலாம். அவனுக்குக் குறிப்புப் புத்தகத்தைக் கொடுங்கள். அவன் தம்பியையோ தங்கையையோ பார்க்கச் சென்றால் நன்றாய்ப் பழகுங்கள். தாய்மாரே, உங்கள் அயலிலும் சாத்திய படலை ஒன்று இருக்கக்கூடும். “என்ன நடந்தது?” என்று துருவவேண்டாம். “இரண்டு மணித்தியாலம் நான் பிள்ளையோடு இருக்கிறேன், நீ போய் வா” என்று சொல்லிப் பாருங்கள்.

இவ்வாண்டுத் தேர்த் திருவிழாவிலே அந்தத் தாயைக் கண்டோம். மூத்தவன் தம்பியைத் தோளிலே தூக்கி வைத்திருந்தான். சிலர் திரும்பிப் பார்த்தனர். சிறுவனோ தேரின் மணியோசை கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்தான்.