மூன்றாவது எட்டு மணி நேரம்

திங்கட்கிழமை காலை அலுவலகத்தில் யாராவது "வீக்கெண்ட் எப்படிப் போச்சு?" என்று கேட்டால், "சும்மா இருந்தேன்" என்று பதில் சொல்லிப் பாருங்கள். கேட்டவர் முகத்தில் ஒரு சின்னக் கவலை வந்து போகும். "ஏன், உடம்பு சரியில்லையா?" என்பார். சும்மா இருந்தது இப்போது ஒரு நோய்க்குறி. சரியான பதில்கள் வேறு. ஏலகிரிக்கு பைக்கில் போனேன், பத்து கிலோமீட்டர் ஓடினேன், மண்பாண்டம் செய்யும் ஒர்க்‌ஷாப் போனேன், ஆன்லைன் கோர்ஸில் மூன்று மாட்யூல் முடித்தேன். எல்லாமே அறிக்கைகள். எவ்வளவு தூரம், எத்தனை, எது முடிந்தது, எது பாக்கி. வெள்ளிக்கிழமை சாயங்காலம் மேனேஜருக்கு அனுப்பும் ஸ்டேட்டஸ் மெயிலுக்கும் இதற்கும் ஒரே வித்தியாசம், இதில் போட்டோ இருக்கும்.

நம்முடைய ஓய்வு நேரத்தை முதலாளிகள் பிடுங்குகிறார்கள் என்று சொல்வது பாதி உண்மை. மீதிப் பாதியை நாமே பொட்டலம் கட்டி, அவர்களுடைய மொழியிலேயே மேலே பெயர் எழுதி, கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருகிறோம். எனக்குச் சண்டை அந்தப் பொட்டலத்தோடுதான்.

இந்த நேரம் யாரும் தானமாகக் கொடுத்ததில்லை என்பதை ஒருமுறை நினைவுபடுத்திக்கொள்ளலாம். நாளை மூன்றாக வெட்டி, எட்டு மணி நேரம் வேலைக்கு, எட்டு தூக்கத்துக்கு, மிச்சம் எட்டு உனக்கு என்று ராபர்ட் ஓவன் 1817இல் பேசினார். அந்தக் கோரிக்கை ஊர் ஊராகச் சுற்றி இங்கே வந்தது. 1923 மே 1 அன்று சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் மே தினக் கூட்டம் போட்டார். இந்தியாவிலேயே முதல் மே தினம் அது. மெரினாவில் 1959இல் வைத்த உழைப்பாளர் சிலையில் நான்கு பேர் இன்னமும் அந்தப் பாறையை நகர்த்திக்கொண்டிருக்கிறார்கள். நாம் ஞாயிற்றுக்கிழமை அவர்களைத் தாண்டிப் போய்த்தான் மாங்காய் பட்டாணி சுண்டல் சாப்பிடுகிறோம். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947இல் வந்தது: நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48, ஓவர்டைம் சேர்த்தாலும் 54க்கு மேல் கூடாது. தொழிற்சாலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தம் 2023 ஏப்ரலில் சட்டமன்றத்தில் நிறைவேறியபோது தொழிற்சங்கங்கள் கொதித்தெழுந்தன. மே தினத்தன்றே அது வாபஸ் என்று முதல்வர் அறிவிக்க வேண்டியதாயிற்று. ஆக, அந்த எட்டு மணி நேரத்துக்காக இப்போதும் ஆட்கள் தெருவுக்கு வருகிறார்கள். அதை வைத்து நீ என்ன செய்ய வேண்டும் என்று மட்டும் யாரும் கட்டளை போடவில்லை. எனக்கு அதில் மிகவும் பிடித்த விஷயமே அதுதான்.

முதலாளிகள் பக்கத்தைச் சீக்கிரம் முடித்துவிடுவோம், அது சுலபம். 2023 அக்டோபரில் நாராயண மூர்த்தி இளைஞர்கள் வாரத்துக்கு 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்றார். 2025 ஜனவரியில் எல் அண்ட் டி தலைவர் எஸ்.என். சுப்பிரமணியன் 90 மணி நேரம் என்று ஏலத்தை உயர்த்தினார். வீட்டில் உட்கார்ந்து எவ்வளவு நேரம்தான் மனைவியையே பார்த்துக்கொண்டிருப்பீர்கள் என்றும் கேட்டுவைத்தார். கணக்குப் போட்டுப் பார்த்தேன். வாரத்துக்கு 168 மணி நேரம். வேலை 90. தினம் ஏழு மணி நேரத் தூக்கம் என்றால் 49. ஓஎம்ஆரில் போய்வர நாளைக்கு இரண்டு மணி நேரம், அது 14. மிச்சம் 15. குளிக்க, சாப்பிட, துணி துவைக்க, அம்மாவிடம் போனில் பேச, காதலிக்க, சண்டை போட, சமாதானம் ஆக என எல்லாவற்றுக்கும் சேர்த்து நாளைக்கு இரண்டு மணி நேரம் எட்டு நிமிடம். மனைவியைப் பார்ப்பதெல்லாம் அந்த எட்டு நிமிடத்துக்குள்தான்.

இவர்களைத் திட்டி மீம் போடுவதில் நமக்கு ஒரு குறையும் இல்லை. அதே வாரம் நண்பர் ஒருவர் வாட்டர்கலரில் ஒரு வேப்பமரம் வரைந்து குரூப்பில் போட்டால் நாம் என்ன சொல்கிறோம்? "செம மச்சி, இன்ஸ்டால பேஜ் ஆரம்பி." இங்கேதான் வில்லன் நாம்.

என் டீமில் ஒரு பெண் குரோஷே போடுவார். குட்டிக் குட்டிப் பொம்மைகள்: ஆமை, கத்தரிக்காய், ஒருமுறை மூக்குக் கண்ணாடி போட்ட ஒரு பல்லி. மீட்டிங்கில் கேமராவை அணைத்துவிட்டு மடியில் வைத்துப் பின்னிக்கொண்டிருப்பார். பல்லிக்கு ஏன் கண்ணாடி என்று கேட்டதற்கு, "தெரியல, அதுக்குப் பார்வை சரியில்லாத மாதிரி இருந்துச்சு" என்றார். பிறகு எல்லோருமாகச் சேர்ந்து அவரை விற்பனைக்குத் தள்ளினார்கள். பேஜ் ஆரம்பமானது. ஆர்டர் வந்தது. வந்ததெல்லாம் ஒரே ஆர்டர்தான்: பிறந்தநாளுக்கு யூனிகார்ன், பிங்க் கலர், வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும். பதினாலாவது யூனிகார்னில் விரல் மூட்டு வலிக்க ஆரம்பித்தது. "நூலைப் பார்த்தாலே ஜிரா டிக்கெட் மாதிரி இருக்குது" என்றார். கம்பெனியில் அவருக்கு ஒரு மேனேஜர்தான். இப்போது முன்பணம் கொடுத்த அத்தனை பேரும் மேனேஜர். பல்லிக்கு இனிமேல் யாரும் கண்ணாடி மாட்டப் போவதில்லை; அதற்கு டிமாண்ட் இல்லை.

"பாஸ், உங்களுக்கு என்ன, சம்பளம் வருது. நாளைக்கு லேஆஃப்னு மெயில் வந்தா வீட்டுக் கடனை யார் கட்டுவாங்க? அதுக்குத்தான் சைடு இன்கம்" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். 2022 கடைசியிலிருந்து இந்தத் துறையில் இருக்கிற எவருக்கும் அந்த மெயிலின் சப்ஜெக்ட் லைன் கனவில் வரும். பயத்தில் செய்கிற வேலையை நான் கிண்டல் செய்யவில்லை. அதை இரண்டாவது வேலை என்று சொல்லுங்கள் என்கிறேன், அவ்வளவுதான். ராத்திரி ஷிப்ட் முடித்துவிட்டு காலையில் சாப்பாடு டெலிவரிக்குப் போகிறவர் அதைப் பேஷன் என்று சொல்வதில்லை. அதனால்தான் அவரால் கிலோமீட்டருக்கு இவ்வளவு வேண்டும் என்று சண்டை போட முடிகிறது. "மனசுக்குப் பிடிச்சதைச் செய்றேன்" என்று பெயர் வைத்துக்கொண்ட ஆள் கூலி கேட்கக் கூச்சப்படுவார். அந்தப் பல்லிக்காரப் பெண் மூன்று நாள் உழைப்புக்கு வாங்கிய விலையைச் சொன்னால் உங்களுக்கு வருத்தமாக இருக்கும்.

இன்னொரு வாதம் இதைவிட நயமானது. ஓய்வெடுங்கள், ஏனென்றால் ஓய்வெடுத்தால் திங்கட்கிழமை இன்னும் நன்றாக வேலை செய்யலாம். எச்.ஆர். அனுப்பும் வெல்னெஸ் மெயில் முழுக்க இதுதான். எங்கள் தொழிலில் இதற்கு நல்ல கணக்கும் உண்டு. ஒரு சர்வரை எவ்வளவு நிரப்புகிறோமோ அவ்வளவுக்கு அதன் வரிசை நீளும், ஆனால் நேர்க்கோட்டில் நீளாது. வரிசைக் கோட்பாட்டின் மிக எளிய மாதிரியில், பாதி நிரம்பிய சர்வரில் ஒரு வேலை முடிய அந்த வேலைக்குத் தேவையானதைப் போல் இரண்டு மடங்கு நேரம் ஆகும். 90 சதவீதம் நிரம்பினால் பத்து மடங்கு, 95இல் இருபது மடங்கு. அதனால் எந்தப் புத்திசாலியும் சர்வரை நூறு சதவீதம் ஓட்ட மாட்டான். காலியாக இருக்கும் இடத்தைப் பார்த்து சோம்பேறி சர்வர் என்று திட்டவும் மாட்டான். மனிதனை மட்டும் முழுதாக நிரப்பப் பார்க்கிறார்கள். இந்த உதாரணத்தைச் சொன்னால் மேனேஜர்கள்கூடத் தலையாட்டுவார்கள், நான் பார்த்திருக்கிறேன்.

ஆனாலும் இந்த வாதத்தை நான் ஏற்க மாட்டேன். சர்வரில் விட்டுவைக்கும் காலியிடம் சர்வருக்காக இல்லை, அடுத்து வரப்போகும் லோடுக்காக. என் ஞாயிற்றுக்கிழமை என் திங்கட்கிழமைக்கான ஸ்பேர் கெபாசிட்டி இல்லை. ஞாயிறு முழுக்க வெட்டியாக இருந்துவிட்டு திங்களன்று இன்னும் மோசமாக வேலை செய்தாலும் அந்த ஞாயிறு என்னுடையதுதான்.

நான் நாலு வருடமாகப் புல்லாங்குழல் கற்றுக்கொள்கிறேன். இன்னும் மாயாமாளவகௌளையில் சரளி வரிசையிலும் ஜண்டை வரிசையிலும்தான் உருண்டுகொண்டிருக்கிறேன். மேல்ஸ்தாயிக்குப் போனால் காற்றுதான் வருகிறது. மாடி வீட்டு அங்கிள் லிஃப்டில் பார்க்கும்போதெல்லாம் "எப்பப்பா கச்சேரி?" என்கிறார். கச்சேரி கிடையாது அங்கிள். எப்போதும் கிடையாது. அலுவலகத்தில் நான் சுமாராகச் செய்கிற எதையும் யாராவது வருடத்துக்கு இரண்டு தடவை மார்க் போட்டு எடுத்துக் காட்டுகிறார்கள். சுமாராகவே செய்துகொண்டு, சுமாராக இருப்பதற்காக யாரிடமும் பதில் சொல்ல வேண்டாத ஒரே இடம் எனக்கு இந்த மூங்கில்தான். அதையும் முன்னேற்றத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கச் சொன்னால் எப்படி?

இந்த நோய் தனியாக நிற்பதில்லை, காதலுக்கும் பரவிவிட்டது. டேட்டிங் ஆப்பில் இருக்கிற என் வயதுக்காரர்களின் புரொஃபைல்களைப் படித்தால் ரெஸ்யூமே வாசிப்பது போலிருக்கிறது. டிரெக்கிங், செராமிக்ஸ், ஃபில்டர் காபி, ஒரு நாய், ஹிமாலயா பின்னணியில் ஒரு போட்டோ. பொழுதுபோக்கு இங்கே தகுதிச் சான்றிதழ். சனிக்கிழமை சாயங்காலம் பெசன்ட் நகரில் ஒரு காபிக் கடையில் சந்திக்கிறார்கள். முதல் அரை மணி நேரம் இன்டர்வியூ: அஞ்சு வருஷத்துல எங்க இருக்கணும்னு நினைக்கிறீங்க? என்ன ஹாபி? அதுல என்ன லெவல்? வெளியே வந்ததும் ஃப்ரெண்டுக்கு வாய்ஸ் நோட்: "நல்ல பையன், ஆனா ஸ்பார்க் இல்ல, நெக்ஸ்ட் ரவுண்ட் வேணாம்." நெக்ஸ்ட் ரவுண்டாம்! நம் வீட்டுப் பெரியவர்கள் ஜாதகத்தையும் சம்பளத்தையும் சாதியையும் வைத்து வடிகட்டியதைப் பிற்போக்கு என்று சொல்லிவிட்டு ஓடி வந்தவர்கள் நாம். ஓடி வந்து சேர்ந்த இடத்தில் நாமே எச்.ஆர். ஆகியிருக்கிறோம். அன்பு என்பது பெரும்பாலும் இன்னொருவரோடு சேர்ந்து நேரத்தை வீணாக்கத் தெரிவது. வீணாக்குவதற்கு ஒரு சனிக்கிழமைகூடக் கையில் இல்லாத இரண்டு பேர் ஒருவரையொருவர் எப்படித்தான் கண்டுகொள்வார்கள்?

"அப்படின்னா வேலைய விட்டுட்டு மனசுக்குப் பிடிச்சதை ஃபுல் டைமா செய்யலாமே" என்கிற வீரர்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். தமிழில் நாம் கொண்டாடுகிற பலர் சம்பளக்காரர்கள். சுஜாதா பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் பொறியாளர். லா.ச.ரா. வங்கி ஊழியர். நாஞ்சில் நாடன் ஊர் ஊராகப் போன விற்பனைப் பிரதிநிதி. பிராகாவில் காஃப்கா தொழிலாளர் விபத்துக் காப்பீட்டு நிறுவனத்தில் வேலை பார்த்தார். அவருக்கு மதியம் இரண்டு மணியோடு அலுவலகம் முடிந்துவிடும், அப்படியும் புலம்பினார். இவர்களுக்கெல்லாம் வேலைக்கு ஒரு முடிவு நேரம் இருந்தது. வீட்டுக்குப் பின்னாலேயே ஸ்லாக் வரவில்லை. நமக்கு வேண்டியதும் வேலை முடியும் ஒரு நேரம்தான். பிரான்ஸில் 2017 முதல், ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்ட் முதல், வேலை நேரத்துக்கு வெளியே தொடர்பிலிருந்து விலகியிருப்பதைச் சட்டமே உரிமையாக்கியிருக்கிறது. இந்த ஊரில் அதைக் கேட்டால் "கமிட்மென்ட் இல்ல" என்பார்கள். சொல்லட்டுமே.

இதையெல்லாம் எழுதிவிட்டு ஒரு விஷயத்தைச் சொல்லாமல் போனால் நான் எழுதியது முழுக்க ஆண்பிள்ளைப் பேச்சு. மத்திய அரசின் 2024 நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதில் ஒரு நாளைக்குச் செலவிடுவது 289 நிமிடம். ஆண்கள் 88. வித்தியாசம் 201 நிமிடம். மூன்று மணி நேரத்துக்கும் மேல். ஓவனின் மூன்றாவது எட்டில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு, தினமும், ஞாயிறு உட்பட. என்னைப் போன்றவன் சரளி வரிசை வாசிக்கிற நேரம் பல வீடுகளில் அடுப்படியில் நிற்கும் இன்னொருவரின் கணக்கிலிருந்து எடுத்தது. சும்மா இருக்கும் உரிமைக்காகச் சண்டை போடுகிற ஆண்கள் முதலாளியிடம் போவதற்கு முன்னால் வீட்டில் எட்டிப் பார்க்க வேண்டும். என் ஃபிளாட்மேட்டுக்கும் எனக்கும் இப்போது ஒரு ஏற்பாடு இருக்கிறது: சிங்க் காலியாகாமல் குழல் பெட்டியைத் திறக்கக் கூடாது. போன ஞாயிறு இட்லித் தட்டு, குக்கர், ஒட்டிக்கொண்ட பால் பாத்திரம் என்று எல்லாம் தேய்த்து முடிக்க பதினொன்றரை ஆகிவிட்டது. அப்புறம்தான் வாசித்தேன். அப்போதும் காற்றுதான் வந்தது.