குருதிப் புற்றுநோயும் ஒருநாட் காய்ச்சலும்

குருதிப் புற்றுநோய் என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்தே நோயாளியின் நாள்களை எண்ணத் தொடங்குவது வன்னியில் நம்மவர் வழக்கமாயிற்று. பெரும்பாலும் முதுமையில் வரும் நாட்பட்ட நிணநீர்க்குழியக் குருதிப் புற்றுநோயைப் பொறுத்தவரை அவ்வழக்கம் பிழையானது. அந்நோயர் பலர் மருந்தேயின்றி, வைத்தியரின் கண்காணிப்பில் மட்டும் பல்லாண்டு வாழ்கின்றனர். அவர்கள் அஞ்சவேண்டியது காய்ச்சலுக்கே என்பது நம் கருத்து.

கிருமிகளை எதிர்க்கும் பிறபொருளெதிரிகள் ஒருவகை நிணநீர்க்குழியங்களின் வழியே உண்டாகின்றன. இந்நோயில் அக்குழியங்கள் தொகையிற் பெருகித் தொழிலிற் குன்றுகின்றன. வயல் நிறையப் பயிர் நின்றும் கதிரெல்லாம் பதரானாற் போன்ற நிலை அது. ஆதலால் நிமோனியா முதலிய தொற்றுகள் எளிதிற் பற்றுகின்றன. இந்நோயர் இறப்பதற்கு முதன்மையான காரணங்களுள் தொற்றும் ஒன்று. சிலரிற் பிறபொருளெதிரி தன்னுடலின் செங்குழியங்களையே அழித்துக் குருதிச்சோகையை விளைவிக்கும். அச்சொல்லை ஆக்கிய அறிஞர் இதனை எதிர்பார்த்திரார் போலும்!

நோயின் போக்கை முன்னறியவும் இவ்வெதிரியே துணையாகின்றது. அதனை ஆக்கும் பரம்பரையலகு விகாரமடைந்திருப்பின் நோய் பெரும்பாலும் மெல்லச் செல்லும், இன்றேல் விரையும் என 1999இல் வெளிவந்த இரண்டு ஆய்வுகள் காட்டின. அச்சோதனைக்குச் சிறப்பு ஆய்வுகூடம் வேண்டும். காய்ச்சலை அறியவோ ஒரு வெப்பமானி போதும்.

தெய்வேந்திரமுனைக்கும் பருத்தித்துறைக்கும் இடையே 2011இல் மக்கள் நடந்து திரட்டிய நிதியைக் கொண்டு தெல்லிப்பழையில் எழுந்த புற்றுநோய் வைத்தியசாலை 2013இல் திறக்கப்பட்டது. மகரகமைக்கு அலைந்த பலருக்கு அது பெரும்பேறு. ஆயினும் முல்லைத்தீவிலிருந்து அதுவும் நூறு கிலோமீற்றருக்கு அப்பாலே. காய்ச்சல் கண்டால் பனடோலும் கொத்தமல்லிக் குடிநீரும் கொடுத்து மூன்றுநாள் பார்ப்போம் என்கின்றனர் வீட்டார். நம் அயலில் ஒரு பெரியவர் அவ்வாறு நான்காம் நாள் வைத்தியசாலை சேர்ந்தார்; மீளவில்லை. புற்றுநோய் கொண்டுபோயிற்று என்றனர் உறவினர். நாம் அங்ஙனம் எண்ணவில்லை; அம்மூன்று நாள்களே கொண்டுபோயின.

இத்தகையோர் காய்ச்சல் கண்ட அன்றே, இரவாயினும், 1990 என்னும் இலக்கத்துக்கு அழைத்து அண்மையிலுள்ள வைத்தியசாலையை அடைதல் வேண்டும். சென்றவுடன் தம் நோயின் பெயரையும் கூறவேண்டும். கூறாதார் சாதாரணக் காய்ச்சற்காரருடன் வரிசையில் இருக்க நேரும்.

யூபிலி நினைவாக வாயில் வளைவொன்று கட்டப்படும் எனக் கேள்வியுற்றோம். வளைவு ஓராண்டு பொறுக்கும். அந்நிதியில் ஒரு பங்கை இந்நோயருக்கு வெப்பமானி வாங்கவும், வைத்தியர் விதிக்கும் நிமோனியாத் தடுப்பூசிக்கும், தெல்லிப்பழைக்குச் சென்றுவரும் செலவுக்கும் ஒதுக்குமாறு பழைய மாணவர் சங்கத்தாரை வேண்டுகின்றோம்.