குழாய்க்கு மிஷின், மழைக்கு மண்வெட்டி

நம்ம கூட்டங்களில் இப்போது அடிக்கடி வரும் கேள்வி இது: "வீட்டுத் தோட்டத்துக்குப் பள்ளம் எடுக்கணும், ஆள் கிடைக்கல. பள்ளம் பறிக்கிற மிஷின் வாடகைக்கு விடுறாங்களாமே, எடுக்கலாமா?" சிலர் இதைத் தயங்கித் தயங்கிக் கேட்கிறார்கள். இயற்கை விவசாயம் செய்கிறவன் பெட்ரோல் மிஷினைத் தொட்டால் தப்போ என்கிற கூச்சம். வேறு சிலர், "ஒரே நாள்ல எல்லாப் பள்ளத்தையும் முடிச்சுடலாம்" என்று உற்சாகமாக இருக்கிறார்கள். இரண்டு தரப்புக்கும் சேர்த்து என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். மிஷினை வாடகைக்கு எடுக்கலாம், ஆனால் குழாய் புதைக்க மட்டும். மழைத் தண்ணீரைப் பிடிக்கிற பள்ளத்தை மண்வெட்டியால்தான் எடுக்க வேண்டும். என் தோட்டத்து மேல்மண்ணைத் தெருவில் விட்ட பிறகுதான் எனக்கு இது புரிந்தது.

நான் இருப்பது மேட்டுப்பாளையம். ஊட்டி ரயில் கிளம்புகிற ஊர் இல்லை, புதுச்சேரி மேட்டுப்பாளையம். தொழிற்பேட்டையும் லாரி நிறுத்தமும்தான் வெளியூர்க்காரர்களுக்குத் தெரியும். உழவர்கரை நகராட்சிக்குள் வருகிறோம். பெயரில் உழவர் இருக்கிறார், வயலைத்தான் தேட வேண்டியிருக்கிறது. மிச்சம் இருப்பது வீட்டுக்குப் பின்னால் இரண்டு சென்ட், நாலு சென்ட். அதில்தான் தென்னை, முருங்கை, வாழை, கத்திரி, கீரை எல்லாம் போடுகிறோம். எங்கள் பக்கம் செம்மண். கோடையில் கடப்பாரை போட்டால் கை அதிரும், மழை விழுந்து இரண்டு நாள் ஆனால் மண்வெட்டி தானாக இறங்கும்.

இந்த மிஷினை டிரெஞ்சர் என்று கடையில் சொல்கிறார்கள். நாம் பின்னால் நின்று பிடித்துக்கொண்டு நடக்கிற வகை. முன்பின் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: ஒரு நீளமான கைபோல இரும்புச் சட்டம், அதைச் சுற்றி ஓடுகிற சங்கிலி, சங்கிலியில் பற்கள். மரம் அறுக்கிற சங்கிலி ரம்பத்தைப் பெரிதாக்கி மண்ணுக்குள் இறக்கினதுபோல இருக்கும். பல் மண்ணைக் கிழித்து மேலே கொண்டுவந்து ஓரத்தில் தள்ளும். பெரும்பாலான மிஷின் பின்னோக்கியே நகரும், ஓட்டுகிறவரும் பின்னாலேயே நடக்க வேண்டும். சின்ன வகைகள் சாதாரணமாக 4 அங்குலம் முதல் 6 அங்குலம் வரை அகலத்தில், இரண்டு அடி ஆழம் வரை வெட்டும்.

அந்த அகலத்தைக் கவனியுங்கள். குழாய்க்கு அது கச்சிதம். சொட்டு நீர் மெயின் பைப், கூரைத் தண்ணீர் இறங்குகிற குழாய், குளியலறைத் தண்ணீரை வாழைக்குக் கொண்டுபோகிற குழாய், எல்லாவற்றுக்கும் ஒன்று முதல் ஒன்றரை அடி ஆழம் போதும். மண்வெட்டியால் எடுத்தால் மண்வெட்டி அகலத்துக்குத் தேவையில்லாமல் மண்ணைக் கிளற வேண்டியிருக்கும். மிஷின் தேவையான அளவு மட்டும் கிழித்துவிட்டுப் போகும். உயிர்வேலிக்கும் அப்படித்தான். கிளுவைப் போத்தோ கிளைரிசிடியா போத்தோ வரிசையாக நட ஒரு அடி ஆழத்துக்கு ஒரு கீறல் போட்டுக் கொடுத்தால் வேலை பாதியாகும்.

தண்ணீருக்கு அந்தக் கணக்கு எடுபடாது. 30 அடி நீளம், 4 அங்குல அகலம், 2 அடி ஆழம் மிஷின் வெட்டினால் அதில் நிற்கும் தண்ணீர் சுமார் 560 லிட்டர். அதே 30 அடியை இரண்டு அடி அகலம், ஒன்றரை அடி ஆழத்துக்குக் கையால் எடுத்தால் சுமார் 2,500 லிட்டர் நிற்கும். இப்போது கூரையைப் பாருங்கள். ஆயிரம் சதுர அடி கூரையில் ஒரு செ.மீ. மழை விழுந்தால் கிட்டத்தட்ட 930 லிட்டர். ஒரு நல்ல ஐப்பசி மழைக்கு 5 செ.மீ. என்று வைத்தாலும் 4,600 லிட்டர் ஆகிவிடும். நாலு அங்குலக் கீறலில் இதை எங்கே வைப்பது?

இந்தக் கணக்கை நான் முன்னாலேயே போட்டிருக்க வேண்டும். 2024 ஆவணியில் ஒரு நாள் வாடகைக்கு மிஷின் எடுத்தேன். குழாய் வேலை மதியத்துக்குள் முடிந்துவிட்டது. வாடகை நாள் முழுக்கக் கொடுத்தாச்சு, மீதி நேரத்தை வீணாக்குவானேன் என்று பின்பக்கத்திலிருந்து வாசல் பக்கம் வரை இரண்டு நீளப் பள்ளம் இழுத்தேன். மழைத் தண்ணீர் இறங்கட்டும் என்று நினைப்பு. மிஷின் நேராகப் போவதற்குச் சுலபமான பக்கம் எதுவோ அந்தப் பக்கமே போனேன். அது சரிவு இறங்குகிற பக்கம்.

நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் வந்தது. புதுச்சேரியில் ஒரே நாளில் சுமார் 48 செ.மீ. மழை. என் இரண்டு பள்ளமும் தண்ணீரைப் பிடிக்கவில்லை, தண்ணீருக்கு வழி போட்டுக் கொடுத்தன. விடிந்து பார்த்தால் நாலு வருசமாக மூடாக்குப் போட்டு, அமிர்தக்கரைசல் ஊற்றிச் சேர்த்த கறுப்பு மேல்மண் வாசல் வழியாகத் தெருவுக்குப் போயிருந்தது. பாத்தி இருந்த இடத்தில் சிவப்பு அடிமண் பல்லிளித்துக்கொண்டு நின்றது. அந்த மழைக்கு எந்தப் பள்ளமும் நிரம்பித்தான் இருக்கும், அது வேறு. ஆனால் மண்ணை வெளியே கொண்டுபோக நானே வாய்க்கால் வெட்டிக் கொடுத்தேன் என்பதுதான் வலி.

குறை மிஷின்மேல் இல்லை. மிஷின் நேர்கோட்டில் போகிறது, தண்ணீரைப் பிடிக்கிற பள்ளம் சரிவுக்குக் குறுக்கே, மேடு பள்ளத்துக்கேற்ப வளைந்து போக வேண்டும். ஓரிடத்தில் முருங்கை வேரை விட்டு ஒதுங்கணும், ஓரிடத்தில் அகலம் கூட்டணும், கடைசியில் நிரம்பி வழிகிற தண்ணீருக்கு ஒரு போக்கு விடணும். நின்று பார்த்து, நாலு கொத்து கொத்தி, மறுபடி பார்த்துச் செய்கிற வேலை இது. வாடகை மணிக்கணக்கில் ஓடும்போது நின்று பார்க்க மனசு வராது.

இதற்குச் சாட்சி எங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. 1968-ல் ஆரோவில் தொடங்கியபோது அந்த மேட்டு நிலம் மழைநீர் அரித்த செம்மண் பொட்டலாகக் கிடந்தது. அங்கே மரம் பிழைத்ததற்கு நாற்று நட்டது மட்டும் காரணமில்லை. ஓடுகிற தண்ணீரை வரப்புப் போட்டு நிறுத்தி, மண்ணுக்குள் இறக்கினார்கள். இன்று காடாக நிற்கிறது. நம்ம நாலு சென்டுக்கும் அதே பாடம்தான். கடற்கரை ஊரில் போர் போட்டு உறிஞ்சிக்கொண்டே இருந்தால் உப்புத் தண்ணீர் உள்ளே வரும். வீட்டுக்கு வீடு மழையை இறக்குவது எங்களுக்குத் தோட்ட வேலை மட்டுமில்லை, குடிதண்ணீர் வேலையும்கூட.

சரி, குழாய்க்கு மிஷின் எடுக்கப் போகிறீர்கள். நான் பட்டதிலிருந்து சிலவற்றைச் சொல்கிறேன்.

முதலில், தரைக்கு அடியில் என்ன ஓடுகிறது என்று தெரியாமல் சங்கிலியை இறக்காதீர்கள். பழைய தண்ணீர்க் குழாய், கழிவுநீர்க் குழாய், மோட்டாருக்குப் போகிற கரன்ட் வயர், எல்லாம் ஏதோ ஒரு காலத்தில் யாரோ புதைத்தது. நான் பக்கத்து வீட்டுக் குழாயை வெட்டிவிட்டேன். அந்த அக்கா இரண்டு நாள் எங்கள் வீட்டில் தண்ணீர் பிடித்தார்கள். அவர்கள் ஒரு வார்த்தை சொல்லவில்லை, எனக்குத்தான் முகம் கொடுக்க முடியவில்லை. வீட்டைக் கட்டிய கொத்தனாரையோ பிளம்பரையோ கேளுங்கள். சந்தேகமான இடத்தில் கடப்பாரையும் வேண்டாம், மண்வெட்டியால் மெதுவாகத் திறந்து பாருங்கள். கரன்ட் வயர் சந்தேகம் இருந்தால் மின்துறை ஆளைக் கேட்காமல் தொடவே வேண்டாம்.

இரண்டாவது, மண்ணின் பதம். காய்ந்த செம்மண்ணில் மிஷின் குதிக்கும், பல் தேயும். சேறாக இருந்தால் சங்கிலியில் மண் அப்பிக்கொண்டு சுத்தவே சுத்தாது. இரண்டு நாள் முன்னால் தண்ணீர் விட்டு, கையில் பிடித்தால் உருண்டை நின்று தட்டினால் உதிர்கிற பதத்தில் ஓட்டுங்கள்.

மூன்றாவது, மேல்மண். மிஷின் மேல்மண்ணையும் அடிமண்ணையும் ஒன்றாகக் கலந்து தள்ளிவிடும். நமக்கு இது பெரிய நட்டம். கோடு போட்ட இடத்தில் மேலே உள்ள அரை அடி மண்ணை முந்தின நாளே மண்வெட்டியால் எடுத்து ஒரு பக்கம் குவித்து, மூடாக்குப் போட்டு வையுங்கள். குழாய் புதைத்து அடிமண்ணை மூடிய பிறகு இந்த மண்ணை மேலே போடுங்கள். அமிர்தக்கரைசல் தெளித்து, கொஞ்சம் பலதானியம் விதைத்துவிட்டால் ஒரு மாதத்தில் காயம் ஆறும்.

நாலாவது, மரம். கிளை பரவியிருக்கிற நிழலுக்குள் மிஷினைக் கொண்டுபோகவே வேண்டாம். சங்கிலி வேர் பார்க்காது. அந்த இடத்தில் கையால் தோண்டி, பெரிய வேருக்கு அடியில் குழாயை நுழைத்துவிடுங்கள்.

அப்புறம் ஓட்டுகிறவர் பாதுகாப்பு. லுங்கியும் செருப்பும் கூடாது. முழுக்கால் சட்டை, கனமான ஷூ. பின்னோக்கி நடப்பதால் பின்னால் கல்லோ செடியோ குழந்தையோ இருக்கக் கூடாது. சங்கிலியில் கல் மாட்டினால் எஞ்சினை நிறுத்தாமல் கை வைக்காதீர்கள்.

கடையில் பேசும்போது எல்லாவற்றையும் முன்கூட்டியே கேளுங்கள். வாடகை மணிக்கா, நாளுக்கா? ஓட்டுகிற ஆளோடவா, மிஷின் மட்டுமா? பெட்ரோல் யார் கணக்கு? குட்டி யானையில் ஏற்றி இறக்குகிற செலவு? பல் உடைந்தால் யார் கொடுப்பது? எனக்கு மிஷின் கொடுத்த இடத்தில் பல் தேய்மானம் தனி என்று திருப்பிக் கொடுக்கும்போதுதான் சொன்னார்கள். கேட்காதது என் தப்பு, சொல்லாதது அவர்கள் தப்பு.

இப்போது கூச்சப்படுகிறவர்களுக்கு. "மிஷின் வந்தா கூலியாள் பொழப்பு போயிடுமே" என்று ஒரு பெரியவர் கூட்டத்தில் கேட்டார். நியாயமான கேள்வி. அரசின் வேலை உறுதித் திட்டமும் கிராமத்துக்குத்தான், எங்கள் நகராட்சிப் பகுதிக்குக் கிடையாது. ஆனால் நாலு அங்குலப் பள்ளத்தில் குனிந்தபடி நாள் முழுக்கக் கடப்பாரை போடுகிற வேலையை யாரும் விரும்பிச் செய்வதில்லை. முதுகுதான் போகிறது. அந்த வேலையை மிஷின் எடுத்துக்கொள்ளட்டும். சரிவு பார்த்து, மண் பார்த்து, தண்ணீர்ப் பள்ளம் எடுக்கிற வேலை கைத்தொழில். ஈர மண்ணில் 30 அடிப் பள்ளத்தை இரண்டு பேர் ஒரு நாளில் எடுப்பார்கள். அதற்கு நல்ல கூலி கொடுப்போம். மட்டம் பார்க்கக் கொத்தனார் வைத்திருக்கிற டியூப் மட்டம் போதும், இல்லையென்றால் மூன்று குச்சியும் ஒரு தூக்குக் கயிறும் வைத்து ஏ வடிவச் சட்டம் கட்டிக்கொள்ளலாம்.

இன்னொன்று, சொந்தமாக வாங்காதீர்கள். வீட்டுத் தோட்டக்காரருக்கு வருசத்தில் ஒரு நாள், இரண்டு நாள் வேலை. மீதி நாள் மூலையில் கிடந்து, பெட்ரோல் கெட்டு கார்ப்பரேட்டர் அடைத்துக்கொள்ளும். ஜே.சி.பி.யைக் கூப்பிடவும் வேண்டாம். நாலு சென்டுக்குள் அது ஒரு தடவை திரும்பினால் மண் இறுகிப்போகும், மண்புழு மறுபடி வர வருசமாகும்.

என் யோசனை இது. 2014-15 முதல் மத்திய அரசின் வேளாண் இயந்திரமயமாக்கல் துணை இயக்கத்தில் குழுக்களுக்கு வாடகை மையம் வைக்க மானியம் உண்டு. தமிழ்நாட்டில் உழவன் செயலி வழியாக அரசு மிஷின்களை வாடகைக்கு எடுக்கிற வசதியும் வந்துவிட்டது. ஆனால் இவையெல்லாம் வயலை மனதில் வைத்து, டிராக்டர் அளவில் யோசித்தவை. நகரத்து நாலு சென்ட்காரரை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. அதை இயக்கம் செய்யட்டும். ஒவ்வொரு வட்டாரக் கிளையும் ஒரு சின்ன மிஷினைப் பொதுவில் வைத்துக்கொள்ளலாம், ஓட்டப் பழகிய ஒருவரோடு. அதுவரை தெருவுக்கு ஐந்து வீடு சேர்ந்து ஒரு நாள் வாடகையைப் பகிரலாம். முந்தின நாள் சாயங்காலமே ஐந்து வீட்டிலும் சுண்ணாம்புத் தூளில் கோடு போட்டு, குழாய் வாங்கி வைத்துவிட்டால் காலை ஏழுக்குத் தொடங்கி மாலைக்குள் முடியும். மீதி நேரம் இருந்தால் மிஷினைத் திருப்பிக் கொடுங்கள். நான் செய்ததைச் செய்யாதீர்கள்.

பள்ளம் வெட்டித் தண்ணீர் கொண்டுவருவது எங்கள் ஊரில் எப்போதுமே பொதுக் காரியம்தான். புதுச்சேரி பாரதி பூங்காவில் நிற்கிற ஆயி மண்டபம், எங்கள் பக்கத்து முத்திரப்பாளையத்து நீரை நகருக்குக் கொண்டுபோனதன் நினைவாக மூன்றாம் நெப்போலியன் காலத்தில் எழுப்பியது. ஆயி என்கிற பெண் தன் மாளிகையையே இடித்துக் குளம் வெட்டினாள் என்பது அதன் பின்னால் உள்ள கதை. அன்று தண்ணீர் இங்கிருந்து அங்கே போனது. இன்று எங்களுக்கே லாரித் தண்ணீர் வருகிறது.

போன வருசம் நான் இரண்டு ஆட்களோடு சேர்ந்து சரிவுக்குக் குறுக்கே பள்ளம் எடுத்தேன். மிஷின் வெட்டிய குழாய்ப் பள்ளம் வழியாகக் கூரைத் தண்ணீர் அதில் போய் விழுகிறது. வீட்டுக் கடைக்காலிலிருந்து பத்து அடி தள்ளி, உள்ளே சருகு நிரப்பி, கரையில் வாழை வைத்திருக்கிறேன். ஐப்பசி மழையில் தெருவுக்குப் போன தண்ணீர் தெளிவாகப் போனது. ஆவணி, புரட்டாசியிலேயே உங்கள் வீட்டிலும் கோடு போட்டு வையுங்கள். மழை தொடங்கிய பிறகு ஆளும் கிடைக்காது, மிஷினும் கிடைக்காது.