காசு கொடுத்து வாங்கும் மாட்டின் பல்

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். சரி, காசு கொடுத்து வாங்கும் மாட்டை? கட்டாயம் பார்க்க வேண்டும்! மாட்டுச் சந்தைக்குப் போகிறவர் விற்பவர் சொல்லும் வயதைக் காது கொடுத்துக் கேட்டுக்கொள்வார். ஆனால் நம்புவது பல்லைத்தான். கொம்புக்குப் பெயின்ட் அடிக்கலாம், உடம்பைக் குளிப்பாட்டி மினுக்கலாம். பல்லை அப்படி மாற்றிவிட முடியாது.

பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கும் பல் உண்டு. அதுதான் அதன் உள்பக்கம். ஆனால் வாங்க வருகிறவர்களில் பலர் செய்வது என்ன? வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து பெயின்ட்டைத் தடவிப் பார்க்கிறார்கள். பானெட்டைத் திறந்து இன்ஜின் சத்தத்தைக் கேட்கிறார்கள். பிறகு உள்ளே உட்கார்ந்ததும் கனவு காண ஆரம்பித்துவிடுகிறார்கள்! பார்க்க வேண்டிய இடத்தில் உட்கார்ந்துகொண்டு பார்க்காமல் விடுவதுதான் அவர்கள் செய்யும் பெரிய தவறு.

எலுமிச்சம்பழச் சந்தை

அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ஜார்ஜ் அகர்லாஃப் 1970-ல் ஒரு கட்டுரை எழுதினார். அவர் எடுத்துக்கொண்ட உதாரணம் பழைய கார் சந்தை. அமெரிக்கப் பேச்சுவழக்கில் கோளாறான காருக்கு 'எலுமிச்சம்பழம்' என்று பெயர். விற்பவருக்குத் தன் கார் நல்லதா, எலுமிச்சம்பழமா என்று தெரியும். வாங்குபவருக்குத் தெரியாது. அதனால் அவர் எல்லாக் காருக்கும் நடுத்தரமான விலையே தருவார். அந்த விலைக்கு நல்ல கார் வைத்திருப்பவர் விற்க மாட்டார். கடைசியில் சந்தையில் மிஞ்சுவது எலுமிச்சம்பழங்கள்தான். தகவல் ஒரு பக்கமே இருப்பதால் வரும் இந்தச் சிக்கலை விளக்கியதற்காக 2001-ல் அவருக்குப் பொருளாதார நோபல் பரிசு பகிர்ந்து கிடைத்தது.

இதற்கு வாங்குபவர் கையில் இருக்கும் மலிவான மருந்து, காரின் உள்பக்கம். கருவி வேண்டாம், மெக்கானிக் வேண்டாம். கண், கை, மூக்கு, அரை மணி நேரம் இருந்தால் போதும்.

மீட்டர் பொய் சொல்லும், பெடல் சொல்லாது

அமெரிக்காவில் ஆண்டுதோறும் 4,50,000-க்கும் அதிகமான வண்டிகள் பொய்யான ஓடோமீட்டர் கணக்கோடு விற்கப்படுவதாக அந்நாட்டு நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பின் மதிப்பீடு சொல்கிறது. டிஜிட்டல் மீட்டர் வந்தால் இந்தத் திருட்டு ஒழியும் என்று நினைத்தார்கள். இப்போது ஒரு சின்னக் கருவியைச் செருகி எண்ணை மாற்றிவிடுகிறார்கள்.

ஆனால் கிளட்ச் பெடலின் ரப்பர் எந்தக் கருவிக்கும் கட்டுப்படாது. ஓட்டியவரின் கால் பட்ட கணக்கு அதில் எழுதியிருக்கும். ஸ்டீயரிங்கின் தோல் கை பிடிக்கும் இடத்தில் வழுவழுப்பாகிப் பளபளக்கும். கியர் குமிழில் இருக்கும் எண்கள் அழியும். குதிகால் படும் இடத்தில் கார்பெட் தேயும். மீட்டரில் 30,000 மைல், பெடலில் வரிகளே இல்லை என்றால் யாரை நம்புவது? பி.காம். படிப்பவர்களுக்கு இது புதிதல்ல. கணக்குப் புத்தகத்தில் எழுதியதை வவுச்சரோடு ஒப்பிட்டுப் பார்ப்பதுதானே தணிக்கை? மீட்டர் கணக்குப் புத்தகம், பெடல் வவுச்சர்.

உலகம் முழுக்க விற்ற மஸ்டா எம்எக்ஸ்-5 காரையே எடுத்துக்கொள்ளலாம். 1989-ல் சிகாகோ கண்காட்சியில் அறிமுகமான இந்த இரண்டு இருக்கை வண்டி, 2016-ல் பத்து லட்சத்தைத் தாண்டியது. தரையோடு ஒட்டிய இருக்கை என்பதால் ஏறும்போதும் இறங்கும்போதும் ஓட்டுநர் இருக்கையின் வெளி ஓரத்தில் உரசியே ஆக வேண்டும். ஆகவே அந்த ஓரம் தேய்ந்திருந்தால் பயப்பட வேண்டியதில்லை. அது நேர்மையான தேய்மானம். வண்டி பழையது, மீட்டரிலும் நிறைய மைல், ஆனால் இருக்கை உறை, பெடல் ரப்பர், ஸ்டீயரிங் எல்லாம் புத்தம் புதிது என்றால்தான் கேள்வி கேட்க வேண்டும். கம்பெனிகள் ஆண்டுக் கடைசியில் கணக்கை அழகாகக் காட்டுவதை 'விண்டோ டிரெஸ்ஸிங்' என்பார்கள். இதுவும் அதேதான்.

மூக்கு செய்யும் வேலை

மடக்கும் துணிக் கூரை உள்ள ஸ்போர்ட்ஸ் காருக்குத் தண்ணீர்தான் முதல் எதிரி. எம்எக்ஸ்-5-ல் கூரை மடங்கும் இடத்தில், இருக்கைகளுக்குப் பின்னால், மழைநீர் வடிய இரண்டு பக்கமும் துளைகள் உண்டு. இலையும் மண்ணும் சேர்ந்து அவை அடைத்துக்கொண்டால் தண்ணீர் உள்ளே தேங்கும். மேலே கார்பெட் ஊறும், கதவுக்குக் கீழே இருக்கும் பக்கச் சட்டம் உள்ளிருந்தே துருப்பிடிக்கும். வெளியே பெயின்ட் பளபளவென்றுதான் இருக்கும்! போர்ஷே பாக்ஸ்டரின் முதல் தலைமுறையில் இன்னொரு வேடிக்கை. திருடர்கள் ஓட்டிப்போகாமல் தடுக்கும் மின்னணுப் பெட்டியை இருக்கைக்கு அடியில் வைத்தார்கள். வடிகால் அடைத்துத் தண்ணீர் அங்கே போனால் சொந்தக்காரருக்கே வண்டி கிளம்பாது.

ஆகவே கதவை மூடிக்கொண்டு முதலில் முகர்ந்து பார்க்க வேண்டும். ஈர வாடை அடிக்கிறதா? அல்லது அதை மறைக்க வாசனைத் திரவியம் தூக்கலாக அடிக்கிறதா? இரண்டுக்கும் அர்த்தம் ஒன்றுதான். அடுத்து இருக்கைக்குப் பின்னால் கார்பெட்டுக்கு அடியில் கையை விட்டுப் பார்க்க வேண்டும். இருக்கை ஓடும் தண்டவாளத்திலும் டாஷ்போர்டுக்குக் கீழே உள்ள ஸ்க்ரூக்களிலும் துரு இருந்தால் வண்டி வெள்ளத்தில் நின்றிருக்கலாம். கத்ரீனா (2005), ஹார்வி (2017) புயல்களுக்குப் பிறகு மூழ்கிய வண்டிகளை உலர்த்தி வேறு மாநிலங்களில் விற்ற கதை அமெரிக்காவில் ஊரறிந்தது. சீட் பெல்ட்டை முழுவதும் இழுத்துப் பார்த்தால், யாரும் கழுவாத கடைசி முழத்தில் சேற்றுக் கறை தெரியும்.

உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்

இது பணத்தோடு முடிகிற விஷயமும் அல்ல. சாவியைத் திருப்பியதும் ஏர்பேக் விளக்கு சில வினாடி எரிந்து அணைய வேண்டும். அணையாவிட்டால் கோளாறு. எரியவே இல்லை என்றால் அதைவிடச் சந்தேகம். யாராவது பல்பையே கழற்றியிருக்கலாம். ஸ்போர்ட்ஸ் கார் பிரியர்கள் கம்பெனி ஸ்டீயரிங்கைக் கழற்றிவிட்டு அழகான பந்தய ஸ்டீயரிங் மாட்டுவது வழக்கம். அதோடு ஏர்பேக்கும் போய்விடுகிறது என்பதை வாங்குபவர் நினைப்பதில்லை. தகாட்டா நிறுவனத்தின் ஏர்பேக்குகள் வெடித்து உலோகத் துண்டுகளைச் சிதறடித்ததால் அமெரிக்காவில் சுமார் 6.7 கோடி இன்ஃபிளேட்டர்கள் திரும்பப் பெறும் பட்டியலில் வந்தன. மஸ்டா ஆர்எக்ஸ்-8, ஃபோர்டு மஸ்டாங் கார்களும் அந்தப் பட்டியலில் உண்டு. டாஷ்போர்டின் மூலையில், கண்ணாடி வழியே தெரியும் வண்டி எண்ணைக் குறித்துக்கொண்டு இணையத்தில் பார்த்தால் இலவசமாகவே தெரிந்துவிடும். பார்ப்பவர்கள்தான் குறைவு.

இன்ஜின்தானே முக்கியம்?

"உள்பக்கம் வெறும் அலங்காரம், பிறகு மாற்றிக்கொள்ளலாம்" என்பார்கள் சிலர். இன்ஜின் முக்கியம்தான், யாரும் மறுக்கவில்லை. ஆனால் இன்ஜினைச் சோதிக்க மெக்கானிக் இருக்கிறார், கம்ப்ரெஷன் பார்க்கக் கருவி இருக்கிறது, பழுதுக்கு ஏறக்குறைய ஒரு விலை உண்டு. பழைய ஸ்போர்ட்ஸ் காரின் உள்பாகங்களோ பல சமயம் கிடைப்பதே இல்லை. மஸ்டா 2017-ல் ஜப்பானில் முதல் தலைமுறை எம்எக்ஸ்-5-க்குப் புதுப்பிக்கும் சேவையை அறிவித்தபோது, துணிக் கூரை, மர ஸ்டீயரிங், கியர் குமிழ் ஆகியவற்றை மறுபடி தயாரிக்க வேண்டியிருந்தது. கம்பெனிக்கே அந்த நிலை என்றால் தனி மனிதர் என்ன செய்வார்?

அதைவிட முக்கியம், முன்னால் வைத்திருந்தவர் எப்படிப்பட்டவர் என்பதை உள்பக்கம்தான் சொல்லும். கை படும் இடத்தையே கவனிக்காதவர், கண்ணுக்குத் தெரியாத ஆயிலை நேரத்துக்கு மாற்றியிருப்பாரா?

தேய்ந்த உள்பக்கம் உள்ள காரை ஒதுக்க வேண்டும் என்பதல்ல இதன் பொருள். தேய்மானமும் மீட்டரும் ஒரே கதையைச் சொன்னால், கிழிந்த இருக்கையோடுகூட வாங்கலாம், விலையும் குறைத்துக் கேட்கலாம். பளபளப்பாக இருந்து கதை மாறினால், எவ்வளவு அழகாக இருந்தாலும் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்துவிட வேண்டும்.

பல்லைப் பிடித்துப் பார்த்தால் விற்பவர் முகம் சுளிக்கலாம். சுளிக்கட்டுமே! மாடு தானம் இல்லையே, காசு கொடுத்தல்லவா வாங்குகிறார்கள்?